கேக் வேண்டாம் என்றால் கோபம் வேண்டாம்

டிசம்பர் பிறந்துவிட்டால் பிரேசர் டவுன் தெருக்களுக்குத் தனி அழகு வந்துவிடுகிறது. ஒரு வாசலில் நட்சத்திர விளக்கு. அடுத்த வாசலில் மார்கழிக் கோலம். கறுப்பு வேட்டி கட்டிய ஐயப்ப சாமிகள் விடியற்காலைக் குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு வேலைக்குப் புறப்படுகிறார்கள். மசூதி சாலையில் பாங்கு ஒலிக்கிறது. அருகிலுள்ள புனித பிரான்சிஸ் சேவியர் பேராலயத்தில் கிறிஸ்துமஸ் ஏற்பாடுகள் நடக்கின்றன.

1898-ல் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கியபின், கண்டோன்மென்ட் நெரிசலைக் குறைக்க உண்டாக்கப்பட்ட பகுதி இது. புலிகேசி நகர் என்று பெயர் மாறிய பிறகும் நம்மவர் வாயில் பிரேசர் டவுன்தான். பிழைக்க வந்த தமிழர்களில் மூன்று மதத்தாரும் இங்கே அடுத்தடுத்த வீடுகளில் வசிக்கிறோம். "ஒற்றுமையாகத்தானே இருக்கிறோம், இதில் எழுத என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது.

ஓர் அலுவலகத்தில் நடந்தது இது. கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள், ஒரு சகோதரி வீட்டில் செய்த கேக்கை எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு வந்தார். மாலை போட்டிருந்த குமாஸ்தா, "வேண்டாம்க்கா, முட்டை சேர்ந்திருக்கும்" என்றார். "ஒரு துண்டு சாப்பிட்டால் என்ன சாமி, எங்கள் வீட்டுப் பலகாரம் ஆகாதா?" என்று கேட்டவர் முகம் வாடிவிட்டது. பக்கத்து மேஜைக்காரர் ஒருவர், "இவர்களுக்கெல்லாம் வெறும் வேஷம்" என்று வேறு சொல்லிவைத்தார். இரண்டு வாரம் அந்த மூவருக்குள்ளும் பேச்சு இல்லை.

தவறு யாருடையது? கேக் கொடுத்தவருடையதும் அல்ல, மறுத்தவருடையதும் அல்ல. மறுப்பை அவமதிப்பு என்று எடுத்துக்கொண்டதுதான் தவறு. கார்த்திகை முதல் தேதி தொடங்கும் மண்டல விரதம் டிசம்பர் 26 அல்லது 27-ல் மண்டல பூஜையோடு நிறைவு பெறும். எனவே ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் அந்த விரதத்துக்குள்ளேதான் வரும். இதை அறிந்திருந்தால் அந்தச் சகோதரி இரண்டு ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்திருப்பார். சாமியும் கண்ணில் ஒற்றி வாங்கியிருப்பார். அதுபோலவே, கோயில் பிரசாதத்தை ஒரு முஸ்லிம் அன்பரோ கிறிஸ்தவ அன்பரோ தம் மார்க்கத்தின்படி வாங்கத் தயங்கினால் நாம் முகம் சுளிக்கக் கூடாது. பண்டத்தை மறுக்கிறாரே தவிர நம்மை மறுக்கவில்லை.

பண்டிகையன்று பலகாரத் தட்டு அனுப்புவது நல்ல வழக்கம்தான். ஆனால் மதிப்பு என்பது அத்தோடு முடிவதில்லை. அடுத்தவருடைய விதி என்ன என்று தெரிந்துகொண்டு, அதற்காக நம் வசதியில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதுதான் உண்மையான மதிப்பு.

ரம்ஜான் நோன்பு ஆண்டுக்குப் பதினோரு நாள் வீதம் முன்னால் நகர்ந்து வருவது. 1998, 1999, 2000 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் கிறிஸ்துமஸ் நாள் அந்த நோன்புக்குள்ளேயே வந்தது. ஐயப்ப விரதமும் அதே நாட்களில்தான். டிசம்பரில் இவ்வூரில் மாலை ஆறு மணியளவில் சூரியன் மறைந்துவிடும். நோன்பு திறக்க வீட்டுக்குப் போக வேண்டியவரை ஐந்தரைக்கு அனுப்பிவிட்டு, மீதிக் கணக்கைப் பக்கத்து மேஜைக்காரர் முடித்துக் கொடுத்தால் அது எந்த வாழ்த்து அட்டைக்கும் மேலானது. 2030 டிசம்பர் கடைசி வாரத்தில் மீண்டும் ரம்ஜான் நோன்பு தொடங்கும். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். நள்ளிரவுப் பூசைக்குப் போகிறவரின் ராத்திரி ஷிப்டை மற்றவர் ஏற்கட்டும். பொங்கலன்று அவர் நமக்காக வரட்டும்.

ஒலிபெருக்கி விஷயத்தில் எல்லோரும் தத்தம் நெஞ்சைத் தொட்டுப் பார்க்க வேண்டும். 2000-ஆம் ஆண்டு வந்த மத்திய அரசின் விதிப்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. விழாக் காலங்களில் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம். அதுவும் ஆண்டில் 15 நாளுக்கு மேல் இல்லை. இந்த விதி ஐந்து மணி மார்கழி பஜனைக்கும் பொருந்தும், கேரல் பாட்டுக் குழுவுக்கும் பொருந்தும், பள்ளிவாசலுக்கும் பொருந்தும். ராத்திரி ஷிப்ட் முடித்துப் படுத்தவனுக்கும் நோயாளிக்கும் எந்த மதத்துச் சத்தமானாலும் சத்தம்தான். ஜால்ராவும் கைத்தட்டலும் போதும், பக்தி குறைந்துவிடாது.

சபரிமலைக்குப் போகும் நம் சாமிகள் எருமேலியில் வாவர் பள்ளிவாசலை வலம் வந்து காணிக்கை செலுத்துகிறார்கள். அங்கே யாரும் அவர்களை மாலையைக் கழற்றச் சொல்வதில்லை. சாமிகளும் பள்ளிவாசலைக் கோயிலாக்க நினைப்பதில்லை. அவரவர் நியமம் அவரவரிடம் இருக்கிறது. மரியாதை மட்டும் கைமாறுகிறது. மலைப் பாதையில் முடிவது நமது தெருவில் முடியாதா?

இந்த ஆண்டு பலகாரத் தட்டை எடுக்குமுன் ஒரு கேள்வி கேட்டுப் பழகுவோம்: "உங்களுக்கு எது ஆகும், எது ஆகாது?" பதில் எதுவானாலும் சிரித்த முகத்தோடு ஏற்போம். பிறந்த ஊரை விட்டு வந்த நமக்கு ஆபத்து வேளையில் முதலில் ஓடி வருபவர் பக்கத்து வீட்டுக்காரர்தான். அவர் மனம் நோகாமல் பார்த்துக்கொள்வது நமது கடமை.