கணனியும் நாமும்: "திறந்தார்" என்று சொல்லும் பதிவேடு

ஒபர்வில்லியேயில் மணவறை அலங்காரத் தொழில் நடத்தும் அன்பர் ஒருவர் அண்மையில் லாச்சப்பலில் எம்மைக் கண்டபோது மிகுந்த மனத்தாங்கலுடன் பேசினார். நீண்டகாலப் பழக்கமுள்ள ஒருவருக்கு, அவருடைய மகளின் திருமணத்துக்கான விலைமதிப்பீட்டை, நம்மவர் வழக்கில் சொல்வதானால் 'டெவி'யை, அவர் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். அம்மடல் அன்றிரவே திறக்கப்பட்டுவிட்டதாக அவரது வாடிக்கையாளர் பதிவேட்டு மென்பொருள் காட்டியது. ஒரு வாரமாகியும் பதில் வரவில்லை. "பார்த்தும் ஒரு சொல் எழுத மனமில்லையே" என்றெண்ணிய அன்பர், அத்திகதியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். மடலுக்குரியவரோ அவ்வாரம் முழுவதும் வைத்தியசாலையில் இருந்தார். அவரது கைபேசி வீட்டில் மின்னேற்றியில் கிடந்தது. மடலை அவர் கண்ணாலும் காணவில்லை. இன்று இருவரும் எதிரெதிரே வந்தாலும் பேசிக்கொள்வதில்லை.

சீ.ஆர்.எம். எனப்படும் இவ்வகை மென்பொருள்கள் இன்று நம்மவரின் புடவைக் கடைகளிலும், பயண முகவர் நிலையங்களிலும், கணக்காளர் பணிமனைகளிலும் புகுந்துவிட்டன. அவை காட்டும் மடற்கணக்கு எவ்வாறு பிழைக்கின்றது, அதனை எவ்வாறு சரிபார்ப்பது என்பதை வாசகர்களுக்கு எடுத்துரைப்பது பயனுடையதென எண்ணுகின்றோம்.

முதலில், மடல் திறக்கப்பட்டதை மென்பொருள் எவ்வாறு அறிகின்றது? மடலின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத, ஒரேயொரு புள்ளி அளவான படமொன்று வைக்கப்படுகின்றது. ஒவ்வொரு மடலுக்கும் அப்படத்தின் முகவரி வேறு. மடல் விரிக்கப்படும்போது அப்படம் அனுப்பியவரின் வழங்கியிலிருந்து எடுக்கப்படும். எடுக்கப்பட்ட நேரமே "திறந்தார்" எனப் பதிவாகின்றது. ஆகவே மென்பொருள் அறிவதெல்லாம் படம் எடுக்கப்பட்டது என்பதை மட்டுமே. எடுத்தது மனிதரா இயந்திரமா என்பதை அது அறியாது.

இங்குதான் முதலாவது பிழை பிறக்கின்றது. 2021ஆம் ஆண்டு செப்ரெம்பரில் அப்பிள் நிறுவனம் தனது மடற் செயலியில் அந்தரங்கப் பாதுகாப்பு வசதியொன்றை அறிமுகப்படுத்தியது. அவ்வசதி இயங்கும் ஐபோன்களில், உரியவர் மடலைத் தொடாவிட்டாலும் படங்கள் பின்னணியில் முன்கூட்டியே எடுக்கப்பட்டுவிடும். எமது அன்பருக்கு நேர்ந்தது இதுவே. பெரிய நிறுவனங்களின் பாதுகாப்பு வடிகட்டிகளும் இவ்வாறே மடலிலுள்ள இணைப்புகளைத் தாமே திறந்து சோதிக்கின்றன. மடல் சென்ற சில வினாடிகளுக்குள் எல்லா இணைப்புகளும் ஒருசேர அழுத்தப்பட்டதாகக் கணக்குக் காட்டினால், அது மனிதரின் வேலையன்று என்று துணியலாம். சில மென்பொருள்களில், அனுப்பியவர் தமது அனுப்பிய மடல்களை மீண்டும் விரித்துப் பார்ப்பதுகூட வாடிக்கையாளர் திறந்ததாகவே எழுதப்பட்டுவிடும்.

இரண்டாவது பிழை இதற்கு நேர்மாறானது. முழுவதையும் படித்துவிட்டவரை "திறக்கவில்லை" என்று காட்டுவது அது. அவுட்லுக் போன்ற செயலிகள் வெளியிலிருந்து வரும் படங்களைத் தடுத்துவைப்பதுண்டு. படமில்லாத வெற்றெழுத்து மடலில் புள்ளிப் படத்துக்கு இடமேயில்லை. ஜிமெயில் ஏறத்தாழ 102 கிலோபைற்றுக்கு மேற்பட்ட மடலின் வாற்பகுதியை மறைத்துவிடுகின்றது. புள்ளிப் படம் அடியில் வைக்கப்பட்டிருந்தால் அதுவும் மறைந்துபோகும். மேலும், 2013ஆம் ஆண்டு டிசம்பர் முதல் ஜிமெயிலில் படங்களைக் கூகிளின் வழங்கியே இடையில் நின்று எடுத்துக் கொடுப்பதால், படிப்பவர் எந்த ஊரிலிருந்து படித்தார் என்று பதிவேடு காட்டுவதையும் நம்புவதற்கில்லை.

மூன்றாவது பிழை நம்மவருக்கே சிறப்பாக உரியது. மென்பொருள் ஒரு மடலை எவருடைய ஏட்டில் சேர்ப்பது என்பதைப் பெரும்பாலும் மின்னஞ்சல் முகவரியைக் கொண்டே தீர்மானிக்கின்றது. கடையில் ஒரு முகவரியைக் கொடுத்தவர் மகனின் முகவரியிலிருந்து பதில் எழுதினால், அப்பதில் எவருடைய ஏட்டிலும் சேராமல் அநாதையாகக் கிடக்கும். பெயரோ அதனினும் சிக்கல். தகப்பன் பெயர் முன்னும் தன் பெயர் பின்னுமாக ஓரிடத்திலும், மாறி வேறோரிடத்திலும், பிரெஞ்சு எழுத்தில் வெவ்வேறு கூட்டலுடனும் எழுதப்படுவதால், ஒரே மனிதருக்கு இரண்டு மூன்று ஏடுகள் உருவாகிவிடுகின்றன. பெயரை நம்பாது, தொலைபேசி இலக்கத்தைக் கொண்டு ஏடுகளை ஒப்பிட்டு ஒன்றாக்குவதே நன்று.

நான்காவது, திரும்பி வரும் மடல்கள். அவற்றிலுள்ள இலக்கத்தை வாசிக்கப் பழகிக்கொள்ள வேண்டும். 4 என்று தொடங்குவது தற்காலிகத் தடை. வழங்கி தானே மீண்டும் முயலும். 5 என்று தொடங்குவது நிரந்தர மறுப்பு. 5.1.1 எனில் அப்படியொரு முகவரி இல்லை, 5.2.2 எனில் பெட்டி நிரம்பிவிட்டது. நிரந்தர மறுப்பு வந்த முகவரியைப் பல மென்பொருள்கள் தடைப்பட்டியலில் இட்டுவிடுகின்றன. அத்தடை தவறாக வந்திருப்பின், அல்லது பெட்டி பின்னர் சீராகியிருப்பின், பட்டியலிலிருந்து கையால் நீக்கினாலன்றி அம்முகவரிக்கு மடல் போகாது.

மடல்கள் யாவும் குப்பைப் பெட்டிக்குள் விழுமாயின், கடையின் இணையப் பெயருக்கு எஸ்.பி.எவ்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்னும் மூன்று அடையாளப் பதிவுகளும் உண்டா என்று பார்க்க வேண்டும். 2024ஆம் ஆண்டு பெப்ரவரி முதல், பெருந்தொகையாக மடல் அனுப்புவோரிடம் கூகிளும் யாகூவும் இம்மூன்றையும் கட்டாயமாகக் கேட்கின்றன.

சரிபார்க்கும் ஒழுங்கு எளிது. உங்கள் சொந்த முகவரிகள் மூன்றினை வெவ்வேறு நிறுவனங்களில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மடலை மூன்றுக்கும் அனுப்புங்கள். ஒன்றைத் திறவாதீர்கள்; ஒன்றைப் படங்களைத் தடுத்துத் திறவுங்கள்; மற்றதை முழுமையாகத் திறந்து பதிலும் எழுதுங்கள். பின்னர் பதிவேடு என்ன சொல்கின்றது என்று பாருங்கள். உண்மைக்கும் கணக்குக்கும் உள்ள இடைவெளி அரைமணி நேரத்தில் விளங்கிவிடும்.

சட்டத்தையும் மறத்தலாகாது. பிரான்சில் 1978ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் திகதிய தகவற் சட்டமும், 2018ஆம் ஆண்டு மே 25 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியும் கடைக்காரரையும் கட்டுப்படுத்துகின்றன. இத்தகைய புள்ளிப் படங்கள் குறித்துத் தரவுப் பாதுகாப்பு ஆணையமான க்னில் 2025ஆம் ஆண்டு வரைவுப் பரிந்துரையொன்றை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டது. வாடிக்கையாளருக்குத் தெரியாமல் அவரைக் கண்காணிப்பது வியாபாரத்துக்கும் அழகன்று.

இவ்விடத்தில் எமது வாசகர்களுள் தஞ்சம் கோரியிருப்போருக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். கடைக்காரரின் கணக்கில் "திறந்தார்" என்பது பொய்யாகலாம். அரச அலுவலகத்தின் கணக்கிலோ நிலைமை வேறு. அங்கு திறவாத மடலும் திறந்ததாகவே கொள்ளப்படும். 2022ஆம் ஆண்டு மே முதல் ஒவ்பிறா தனது முடிவுகளைக் கோரிக்கையாளரின் இணையப் பெட்டியில் இடும் முறையைக் கைக்கொண்டது. பெட்டியில் இடப்பட்ட முடிவைப் 15 நாட்களுக்குள் பார்க்காவிட்டால், அந்நாட்கள் முடிந்ததும் அது அறிவிக்கப்பட்டதாகவே கருதப்படும். அன்றிலிருந்து மொந்திரெய்யிலுள்ள தேசியப் புகலிட நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்வதற்கு ஒரு மாதமே உண்டு. அரச செலவில் சட்டத்தரணி கோருவதற்கோ 15 நாட்களே. தபாற்பெட்டியைத் திறப்பதுபோல் இப்பெட்டியையும் நாள்தோறும் திறந்து பார்த்தல் வேண்டும். கடவுச்சொல்லை மறந்தவர்கள் இன்றே உதவி நாடுங்கள்.

ஊரிலிருந்து வரும் ஒரு கடிதத்துக்காகவும், நாம் எழுதியது போய்ச் சேர்ந்ததா என்பதற்காகவும் மாதக்கணக்கிற் காத்திருந்த சமூகம் நாம். பதில் வராத காரணத்தால் அன்று எவரையும் நாம் பகைத்ததில்லை. வழியில் என்ன தடையோ என்றே எண்ணினோம். அந்தப் பொறுமை இன்றும் நமக்கு வேண்டும். முக்கியமான அலுவலாயின் தொலைபேசியில் அழையுங்கள். சான்று வேண்டுமாயின் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். எமது அலங்கார அன்பருக்கும் இதனையே கூறினோம்: முதலில் மென்பொருளைத் திருத்தவேண்டாம், அந்த நண்பரின் வீட்டுக்குப் போய் வாருங்கள் என்று.