கழுவாத பிலிமை விமானம் ஏற்றாதீர்கள்!

விருத்தாசலத்தில் என் மாமா நடத்தி வந்த பீங்கான் பொம்மைப் பட்டறையை 2022-ல் மூடினார். கடைசிச் சூளையைப் பிரித்த அன்று, கம்மாபுரம் வீட்டுப் பரணில் கிடந்த அப்பாவின் யாஷிகா கேமராவில் 36 படங்கள் எடுத்தேன். மறுநாள் வேலைக்காகச் சிங்கப்பூர் பயணம். அங்கே கழுவிக் கொள்ளலாம் என்று பிலிம் ரோலைத் துணிகளோடு பெட்டியில் வைத்து லக்கேஜில் போட்டுவிட்டேன். கழுவிப் பார்த்தால் எல்லாப் படங்களிலும் அலை அலையாகப் புகைமூட்டம். மாமாவின் முகம் தெரிந்தது இரண்டே படங்களில்தான்.

காரணம் எளிது. ஒளியைப் போலவே எக்ஸ்ரேயும் பிலிமில் பதியும். லக்கேஜ் பெட்டிகளைச் சோதிக்கும் எந்திரத்தின் எக்ஸ்ரே வலுவானது. ஒரே தடவையில் பிலிமைக் கெடுத்துவிடும்.

"கைப்பையில் கொண்டு போனால் போதும், 800 ஐ.எஸ்.ஓ.வுக்குக் குறைந்த பிலிமுக்கு ஒன்றும் ஆகாது" என்று பலர் சொல்வார்கள். பழைய வகை எந்திரங்களுக்கு அது பெரும்பாலும் சரி. இப்போது பல வெளிநாட்டு விமான நிலையங்களில் கைப்பைக்கும் சி.டி. ஸ்கேனர் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எடுக்கும் சி.டி. ஸ்கேன் போலவே இது பையைச் சுற்றிலும் படம் பிடிக்கும். இதில் ஒரு தடவை போனாலே பிலிம் கெடலாம் என்று கோடாக் நிறுவனமே எச்சரிக்கிறது.

காரீயப் பையை நம்பலாமா? எந்திரத்தில் அது கருப்பாகத் தெரியும். சந்தேகப்பட்டு மறுபடி சோதிப்பார்கள். கையால் சோதிக்கும்படி கேட்கலாம். பிலிமைக் கேமராவிலிருந்து முன்பே எடுத்து, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் காட்டுங்கள். அமெரிக்காவில் இப்படிக் கேட்க விதியே இடம் தருகிறது. எல்லா நாட்டிலும் சம்மதிப்பார்கள் என்று சொல்ல முடியாது.

அதனால் என் கருத்து இதுதான்: பயணத்துக்கு முன்பே பிலிமைக் கழுவிவிடுங்கள். கழுவிய நெகட்டிவை எக்ஸ்ரே ஒன்றும் செய்யாது. பிலிம் கழுவும் லேப்கள் குறைந்துவிட்டன என்பது உண்மை. ஆனாலும் விருத்தாசலத்தில் ரயில் ஏறிச் சென்னை போய்க் கொடுத்து வருவது, படத்தை இழப்பதை விட மேல்.

கழுவியதும் நெகட்டிவை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். காகிதம் ஸ்கேன் செய்யும் சாதாரண ஸ்கேனர் இதற்கு உதவாது. பிலிமின் பின்னாலிருந்து ஒளி பாய்ச்சும் வசதி வேண்டும். 2400 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தால் ஒரு 35 எம்.எம். படம் சுமார் 77 லட்சம் பிக்சல் வரும். வீட்டுக்கு அது தாராளம். பென் டிரைவில் இன்னொரு பிரதி வையுங்கள். மெமரி கார்டு, பென் டிரைவ், ஹார்ட் டிஸ்க் எதற்கும் இந்த எக்ஸ்ரேயால் கெடுதல் இல்லை.

உங்கள் வீட்டுப் பழைய கேமராவுக்குள் கழுவாத ரோல் இருக்கிறதா? டிக்கெட் எடுக்கும் முன் அதைப் பாருங்கள். பட்டறையை மறுபடி திறந்து படம் எடுக்க எனக்கு வழியில்லை.