மூன்று வயருக்கு வைத்தியமில்லை

எலக்ட்ரிக் பைக்கின் எக்ஸிலேட்டரைக் கழற்றிப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். உள்ளே ஒரு சின்னக் காந்தம், அதற்கு எதிரே உழுந்தளவில் ஒரு ஹோல் சென்சர், வெளியே வருவது மூன்று வயர். சிவப்பில் 5 வோல்ற், கறுப்பு எர்த், மற்றது சிக்னல். கையை முறுக்க முறுக்கக் காந்தம் நகரும். சும்மா நிற்கையில் 1 வோல்ற் அளவில் இருந்த சிக்னல் 4 வோல்ற் பக்கம் ஏறும். கொன்ட்ரோலர் அதைப் பார்த்து மோட்டருக்குக் கரண்டை விடும். அவ்வளவுதான் சங்கதி. இதன் அடிப்படை எட்வின் ஹோல் என்ற அமெரிக்கர் 1879இலேயே கண்டுபிடித்துவிட்டுப் போனது. இந்த மூன்று வயரை மீற்றர் வைத்துப் பார்க்க ஓராள் வேண்டுமென்று மட்டக்களப்பு டவுனிலிருந்து களுவாஞ்சிகுடி வரை அலைய வேண்டியிருக்கிறதே, அதுதான் வயிற்றெரிச்சல்.

ஆசைப்பட்டு வாங்கிய வாகனமுமில்லை. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று வெந்தவர்களுக்குத் தெரியும். பங்கீட்டுக்குக் கியூஆர் கோட் வந்த பிறகும் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் கிடைத்தது. மண்டூரிலிருந்து குருமண்வெளிப் பாதை என்கிற மிதவையில் ஏறி வாவியைக் கடந்து வேலைக்குப் போகிறவனுக்கு அது எந்த மூலைக்கு? வீட்டுக் கரண்டில் சார்ஜ் போடலாம், எண்ணெய் மாற்ற வேண்டாம், பிளக் கழுவ வேண்டாம் என்றார்கள். எல்லாம் உண்மை. கெட்டுப்போனால் யாரிடம் போவது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

என் பைக் ஓடிக்கொண்டே இருக்கும், பள்ளத்தில் விழுந்தவுடன் செத்துவிடும். இன்னொரு குலுக்கலில் உயிர் வந்து முன்னுக்குப் பாயும். முதல் கராஜில் தம்பி பைக்கைச் சுற்றி ஒருதரம் நடந்தார். "கொன்ட்ரோலர் பெய்த்து அண்ணன், மாத்தணும்." மீற்றரைக் கையில் எடுக்கவேயில்லை. அடுத்தவர் பற்றரி என்றார். இன்னொருவர், "இது நம்மட வேலயில்ல, வித்தவங்களிட்டயே குடுங்க" என்று கையை விரித்தார். விற்றவர்களுக்குப் போன் எடுத்தால், "பைக்கக் கொண்டாங்க சேர், பாப்பம்." ஓடாத பைக்கை எப்படிக் கொண்டுபோவது? லேண்ட்மாஸ்டரில் ஏற்றித்தான். அதன் கூலிக்குப் பெற்றோல் பைக்கென்றால் ஒரு கேபிளே மாற்றி, கைக்காசும் மிச்சம் வந்திருக்கும்.

பார்க்க வேண்டியது என்ன பெரிய ரகசியமா? முதலில் பிரேக் பிடியைப் பார்க்க வேண்டும். பிரேக் பிடித்தால் மோட்டரை நிறுத்த அங்கே ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது சிக்கிக்கொண்டால் எக்ஸிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் பைக் அசையாது. ஸ்டாண்ட் சுவிட்ச் உள்ள பைக்கில் அதுவும் அப்படியே. பிறகு ஹாண்டிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு மட்டும் கரண்ட் நின்றால் கழுத்தடியில் வயர் அறுந்திருக்கிறது. அதன்பிறகு கனெக்டர். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற ஊர்கள் எங்களுடையவை. உப்புக் காத்தும் மாரிமழையும் பித்தளையைச் சும்மா விடுமா? கழற்றினால் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். ரப்பர் மூடி ஒன்று போட்டு விற்றிருந்தால் பாதிக் கோளாறு வந்தே இராது. இவ்வளவும் சரியென்றால்தான் சிக்னல் வயரில் மீற்றரை வைத்து, முறுக்கும்போது வோல்ற் சீராக ஏறுகிறதா, இடையில் துள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பிளேன்ரீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

இதில் விளையாட்டில்லாத ஒன்றும் இருக்கிறது. அந்தக் கறுப்பு வயர் அறுந்தால் சிக்னல் மேலே ஏறி நிற்கக்கூடும். நல்ல கொன்ட்ரோலர் அதைக் கோளாறென்று கண்டு கரண்டை வெட்டிவிடும். மட்டமானது முழு வேகம் கேட்கிறான் என்று எடுத்துக்கொள்ளும். பாதையில் ஏற்றுகிற நேரம் அப்படியொரு பாய்ச்சல் வந்தால் ஆளும் பைக்கும் வாவிக்குள்தான்.

பழைய எம்.டி. 90 பைக்குக்குக் கேபிள் அறுந்தால் தெருவோரத்தில் குந்தியிருந்து மாற்றினோம். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துச் சனம் மண்ணெண்ணெயிலேயே மோட்டார் சைக்கிளை ஓட்டித் தள்ளியது. அவ்வளவு கைவேலை தெரிந்த நாட்டில் இன்று வயரிங் படம் ஒன்றில்லாமல் பாஸ்மாரும் பாவம், வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள். அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. பைக்கோடு சேர்த்து ஒரு தாளில் அந்தப் படத்தைக் கொடுக்க விற்கிறவனுக்கு எவ்வளவு செலவு? பெற்றோல் பைக்குக்காரர் சிரிக்கவும் வேண்டாம். 2006இலேயே யமஹா ஆர் 6இல் இலத்திரன் எக்ஸிலேட்டர் வந்துவிட்டது. புகைக் கட்டுப்பாடு இறுக இறுகச் சின்ன பைக்குகளுக்கும் அது இறங்கி வருகிறது. அந்தப் பைக்குகளில் ஒன்றையொன்று சரிபார்க்க இரண்டு சிக்னலாவது வைக்கிறார்கள். என்னுடையதில் ஒன்றே ஒன்று.

கடைசியில் சென்சர்தான் போயிருக்கிறது என்று நானே மீற்றர் வாங்கிப் பார்த்துச் சொன்னேன். சென்சரை மட்டும் தர மாட்டார்களாம். கொழும்பிலிருந்து முழு செற் வர வேண்டுமாம்: எக்ஸிலேட்டர், ஹோர்ன் சுவிட்ச், லைற் சுவிட்ச், இடப்பக்கக் கைப்பிடி. இடப்பக்கக் கைப்பிடிக்கு ஒரு வருத்தமுமில்லையே என்றேன். "அது சோடியாத்தான் வரும் சேர்."