நட்சத்திரத்துக்கு டிக்கெட் வேண்டாம்

ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் பூங்கா பெஞ்சில் நேற்று நண்பர் ஆரம்பித்தார். "சார், பூமி இனித் தாங்காது. வேற நட்சத்திரத்துக்கு மனுஷனை அனுப்ப இஸ்ரோவுக்கு இப்பவே பணம் ஒதுக்கணும்." மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆட்டியது தப்பு. அதனால் எழுதுகிறேன்.

1977 செப்டம்பரில் கிளம்பிய வாயேஜர் 1தான் மனிதன் செய்தவற்றில் மிகத் தொலைவு போனது. வேகம் வினாடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர். இங்கிருந்து மதுரைக்கு அரை நிமிடம்தான். ஆனால் அதே வேகத்தில், நமக்கு மிக அருகிலுள்ள பிராக்ஸிமா சென்டாரி இருக்கும் 4.24 ஒளியாண்டு தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 75,000 ஆண்டு ஆகும்.

ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கை எட்டினால் 42 ஆண்டு போதும் என்பார்கள். ஆயிரம் டன் கப்பலை அந்த வேகத்துக்குத் தள்ள, உலகமே ஓராண்டில் செலவழிக்கும் எரிசக்தியில் பெரும்பகுதி வேண்டும். போய்ச் சேர்ந்தால் நிற்க வேண்டாமா? பிரேக் போட மறுபடியும் அவ்வளவு.

பணக்கணக்குக்கு வருவோம். 2024 செப்டம்பரில் ககன்யான் நிதி 20,193 கோடி ரூபாயாக உயர்ந்தது. விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியும் அதில் அடக்கம். மனிதர் போகப்போவது 400 கிலோமீட்டர் உயரம், மூன்று நாள். அதைக் குறை சொல்ல மாட்டேன். போனவர்கள் வீடு திரும்புவார்கள். 2016-ல் கோடீஸ்வரர் யூரி மில்னர் நட்சத்திரப் பயண ஆராய்ச்சிக்கு 10 கோடி டாலர் அறிவித்தார். அதுவும் கிராம் எடைக் கருவிகளை அனுப்பத்தான். ஆள் அனுப்பும் பேச்சே இல்லை.

"மெதுவா போகட்டும், வழியிலேயே பிள்ளை பெத்துப்பாங்க" என்றார் நண்பர். அந்தப் பிள்ளைகளை யார் கேட்டது? பூமியையும் காணாமல், போகும் ஊரையும் காணாமல், ஒரு தகரக் கூட்டில் பிறந்து அதிலேயே சாகும்படி ஒரு தலைமுறைக்கு விதிக்க நாம் யார்? பக்கத்தில் ஓடும் அடையாற்றைச் சுத்தம் செய்ய முடியாத நாம், கப்பலுக்குள் நூற்றாண்டுக்கணக்கில் அதே தண்ணீரைச் சுத்திகரித்துக் குடிப்போமாம்!

தெரிந்துகொள்ளும் ஆசைக்குப் பணம் கொடுங்கள், அதற்கு நான் எதிரியல்ல. 1986-ல் நம் காவலூரில், நம்மவர்களே செய்த 2.3 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டது. அதுபோல இன்னும் பெரிதாகக் கட்டட்டும். ஆளில்லாக் கலங்கள் அனுப்பட்டும். நட்சத்திரத்தைப் பார்க்க எத்தனை கோடியும் தரலாம். ஆள் ஏற்றி அனுப்ப ஒரு ரூபாயும் கூடாது. நாளைக் காலை பெஞ்சில் இதைத்தான் சொல்லப்போகிறேன், தலையாட்டாமல்.