விண்ணில் பணி, மண்ணில் குடும்பம்



நம் திருவண்ணாமலையில் விமான நிலையம் இல்லை. ஆயினும் இரவெல்லாம் விழித்துப் பணிபுரிவோர் இவ்வூருக்குப் புதியவர் அல்லர். பௌர்ணமிதோறும் கிரிவலத்திற்கு வரும் பெருந்திரளான மக்களை ஏற்றிச் செல்லும் பேருந்து ஓட்டுநர்களை எண்ணிப் பாருங்கள். ஊர் உறங்குகையில் அவர்கள் விழித்திருக்கிறார்கள். வீடு விழிக்கையில் உறங்கச் செல்கிறார்கள். இந்நிலையின் உச்சத்தில் நிற்பவர் விமானி. நம் பிள்ளைகளும் இத்துறையை நாடும் இந்நாளில், விமானியின் இல்லறம் பற்றிச் சிந்திப்பது பொருத்தமானதே.

இன்று அதிகாலை மூன்று மணிக்குப் புறப்பாடு. நாளை நள்ளிரவில் தரையிறக்கம். மறுநாள் வெளியூர் விடுதியில் தங்கல். இதுவே விமானியின் வாழ்க்கை. ஏழு நாட்களில் 35 மணி, ஓராண்டில் 1000 மணி நேரத்திற்கு மேல் பறக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. "இவ்வளவுதானா வேலை?" என்று கேட்கத் தோன்றும். இது பறக்கும் நேரத்தின் கணக்கு மட்டுமே. முன்னதாக வந்து ஆயத்தமாவதும், இடையில் காத்திருப்பதும் இதில் சேரா.

இத்தகையவர் பகலில் உறங்கும்போது, "வீட்டில் இருந்தும் பயனில்லையே!" என்று மனைவி நொந்துகொள்வது இயல்பு. ஆனால் அவ்வுறக்கம் சோம்பல் அன்று; பணியின் ஒரு பகுதி. 2010 மே 22-ஆம் நாள், துபாயிலிருந்து இரவில் புறப்பட்டு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், காலை ஆறு மணியளவில் மங்களூர் ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் வீழ்ந்தது. 158 பேர் மாண்டனர். எட்டுப் பேரே பிழைத்தனர். வளைகுடாவிலிருந்து குடும்பத்தைக் காண வந்தோர் அவர்களில் பலர். பயணத்தின் பெரும்பகுதியில் தலைமை விமானி உறங்கியிருந்தார் என்றும், அந்த உறக்கத்தின் மயக்கம் அவரது தீர்ப்பைப் பாதித்திருக்கக்கூடும் என்றும் விசாரணை அறிக்கை கூறிற்று. விமானியின் ஓய்வு எத்துணை பெரிய அமானிதம் என்பதை உணருங்கள். "அத்தா தூங்குகிறார்கள், மெல்லப் பேசு" என்று பிள்ளையை அடக்கும் தாய், முகம் அறியாத பல குடும்பங்களுக்கு உதவி செய்கிறாள்.

அப்படியாயின் பொறுப்பு முழுவதும் மனைவியின் தலையில்தானா? இல்லை. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வரலாற்றை நினைவுகூருங்கள். போர்க்களம் சென்ற கணவனின் பிரிவால் ஒரு பெண் வருந்திப் பாடியதை இரவில் கேட்டார்கள். ஒரு பெண் எத்தனை காலம் பிரிவைப் பொறுப்பாள் என்று தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் வினவினார்கள். பின்னர், வீரர்களைக் குறித்த காலத்திற்கு மேல் களத்தில் நிறுத்தலாகாது என ஆணையிட்டார்கள். அக்காலம் நான்கு மாதம் எனச் சில அறிவிப்புகளும், ஆறு மாதம் எனச் சில அறிவிப்புகளும் கூறுகின்றன. அப்பெண்ணைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி அவர்கள் விட்டுவிடவில்லை. பணியின் ஒழுங்கையே மாற்றினார்கள். குடும்பத்தின் உரிமை ஆட்சியாளரின் கணக்கிலும் இடம்பெற வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

நம் நாட்டின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட திருத்த விதிகளை இவ்வொளியில் காணுங்கள். வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்ந்தது. இரவுத் தரையிறக்கங்கள் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தன. 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரு கட்டங்களாக இவை நடைமுறைக்கு வந்தன. டிசம்பரில் இண்டிகோ நிறுவனத்தின் ஆயிரக்கணக்கான பயணங்கள் ரத்தாயின. அந்நிறுவனத்திற்குச் சில விதிகள் தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டன. அவதியுற்ற பயணிகளின் சினம் நியாயமானதே. ஆயினும் விமானியின் ஓய்வைக் குறைத்து நம் பயணத்தை விரைவாக்கக் கேட்பது நமக்கே கேடாகும்.

பெண் விமானியின் நிலை இன்னும் கடினம். தமிழகத்தின் உஷா சுந்தரம், தம் கணவருடன் 1951-இல் சென்னை மாநில அரசுக்காக ஒரு விமானத்தை இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார். பின்னர், பிள்ளைகளை வளர்க்கும் பொருட்டுப் பறப்பதை நிறுத்திக்கொண்டார். அத்தியாகம் போற்றத்தக்கது. எனினும் எக்காலத்தும் பெண்ணே விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது நீதியாகாது.

விமானியாயினும், ஓட்டுநராயினும், இரவுப்பணிச் செவிலியராயினும், பணி அட்டவணை கைக்கு வந்தவுடன் அதை வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். பள்ளிக்கூட நிகழ்ச்சியும் தாயாரின் மருத்துவ நாளும் அதனருகே இடம்பெறட்டும். அழைப்பிற்காகக் காத்திருக்கும் நாளில் பிள்ளைக்கு வாக்குக் கொடாதீர்கள்; கொடுத்த வாக்கை மீறாதீர்கள். பெருநாளன்று பணி வந்தால், குடும்ப விருந்தை மறுநாள் வைப்பதில் குற்றமில்லை. பயணிக்கு நோன்பிலும் தொழுகையிலும் சலுகை தந்த மார்க்கம் நம்முடையது. பெண் கேட்டு வரும்போது சம்பளத்தை மட்டும் விசாரியாதீர்கள். பணிநேரத்தையும் இருவீட்டாரும் மணமக்களும் முன்பே மனம்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் கேட்பது அத்தாவின் நேரம் முழுவதையும் அன்று. அத்தா எந்நாளில் வருவார் என்ற உறுதியையே கேட்கிறார்கள். அதை அவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். ஏனைய நாட்களை அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், இன்ஷா அல்லாஹ்.