குழந்தையைச் சோதிக்கிறோமா, கற்பித்தலைச் சோதிக்கிறோமா?

ஆண்டுத் தேர்வு முடிந்ததும் நம் பங்குப் பள்ளி வாசலில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பிள்ளை எத்தனாவது ரேங்க், சாமி?" கடலோர ஊரானாலும் மலையோர ஊரானாலும் இந்தக் கேள்வி மாறுவதில்லை. "என் பிள்ளை தடுமாறாமல் வாசிக்கிறதா?" என்று கேட்பவர்கள் மிகச் சிலரே.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 விழுக்காடு. மாநிலத்திலேயே முதலிடம், தமிழகத்தின் சராசரி அப்போது 80.09. இதில் நாம் பெருமைப்படுவது நியாயமே. ஆனால் கணக்கெடுக்க வந்தவர் யார் கையிலும் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லவில்லை. வீட்டார் சொன்னதை எழுதிக்கொண்டார். வகுப்பறையின் உண்மை நிலையை அறிய அந்த எண் போதாது.

தொடக்கக் கல்வியில் அரசு பல முயற்சிகளைச் செய்திருக்கிறது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலம் முழுவதற்கும் வந்தது. பாடங்கள் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டன. ஒரு படியைக் கற்ற பிள்ளை, தன் வேகத்தில் அடுத்த படிக்குச் சென்றது. கற்றதா என்று பார்ப்பதும் அந்த ஏணியிலேயே ஒரு படியாக இருந்தது. "பாயில் உட்கார்ந்து அட்டை வைத்து விளையாடுகிறார்கள்" என்று குறைப்பட்டவர்கள் நம்மில் பலர்.

2012-13இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. எழுத்துத் தேர்வுக்கு 60, அன்றாடச் செயல்பாடுகளுக்கு 40 மதிப்பெண். நோக்கம் நல்லது. ஆனால் பல வீடுகளில் நடந்தது என்ன? இரவோடிரவாகத் தாய் ஒட்டிக் கொடுத்த சார்ட்டுக்குப் பிள்ளை மதிப்பெண் வாங்கியது.

2019இல் ஐந்தாம் வகுப்புக்கே பொதுத்தேர்வு என்று மாநில அரசு அறிவித்தது; கடும் எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டது. பத்து வயதுப் பிள்ளையின் நெற்றியில் 'தோல்வி' என்று எழுதினால், முதலில் பள்ளியை விட்டு நிற்பது வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைதான். எனவே அந்த முடிவை வரவேற்றோம். ஆயினும் வாசிக்கத் தெரியாத பிள்ளையை ஆண்டுதோறும் அடுத்த வகுப்புக்குத் தள்ளிவிடுவதும் இரக்கம் ஆகாது. அதுவும் ஒருவகைக் கைவிடலே.

2022-23இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைக் காட்டியது. பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதைவிட, எந்த நிலையில் இருக்கிறது என்பதை முதலில் கண்டறிந்து, அரும்பு, மொட்டு, மலர் என்று அந்த நிலையிலிருந்தே கற்பிப்பது அதன் அடிப்படை. இங்கே மதிப்பீடு, நாளைய பாடத்தை ஆசிரியர் திட்டமிட உதவும் கருவி. ஆனால் 'அரும்பு' என்பது பிள்ளைக்குப் பட்டப்பெயராகிவிட்டாலோ, பதிவேற்றும் வேலையிலேயே ஆசிரியரின் நேரம் கரைந்துவிட்டாலோ இந்த நோக்கமும் வீணாகும்.

நம்மையும் கொஞ்சம் சோதித்துப் பார்ப்போம். புதுநன்மை வகுப்பில் செபங்களை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளை, புத்தகத்தைத் திறந்ததும் விழிப்பதை நாம் கண்டிருக்கிறோம். கண்டும் என்ன செய்தோம்? திருப்பலியில் வாசகம் வாசிக்க, நன்றாக வாசிக்கும் அதே நான்கு பிள்ளைகளைத்தானே திரும்பத் திரும்ப அழைக்கிறோம்? தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போன ஆயனைப் பற்றி மறையுரை ஆற்றும் நாமே, வாசிக்கத் தெரியாத அந்த ஒரு பிள்ளையைக் கடைசி வரிசையில் விட்டுவிடுகிறோம்.

எனவே அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ரேங்கைக் கேட்காமல் மூன்று கேள்விகளைக் கேட்போம். என் பிள்ளை தானாக வாசிக்கிறதா? எங்கே தடுமாறுகிறது? அதற்கு ஆசிரியர் என்ன செய்யப்போகிறார், வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? பள்ளித் தாளாளராக இருக்கும் நாமும் ஆசிரியர்களிடம் தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்பதற்கு முன், இதே கேள்விகளைக் கேட்போம். அன்பியங்களில் இருக்கும் கல்லூரி மாணவர்கள் மாலையில் அரைமணி நேரம் இந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்க முன்வரட்டும்.

ஒரு பிள்ளை தேர்வில் தவறினால், அந்த விடைத்தாளில் நம் பெயரும் இருக்கிறது என்பதை மறவாதிருப்போம்.