விசுவாசத்தை யாரிடம் கேட்கிறார்கள்?

விசுவாசம் என்ற சொல்லை யார் யாரிடம் கேட்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிட வேண்டும். ஆண்டை பண்ணையாளிடம் கேட்பான். முதலாளி தொழிலாளியிடம் கேட்பான். பண்ணையாள் ஆண்டையிடம் கேட்டதாக வரலாறு கிடையாது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் இந்தச் சொல் விளையாட்டு அரங்கத்துக்குள்ளும் புகுந்து வெகுகாலமாகக் குடியிருக்கிறது.

டெட்ராய்ட் கார் செய்கிற ஊர். ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், க்ரைஸ்லர் மூன்றுக்கும் அந்தச் சுற்றுவட்டாரம்தான் தாய்வீடு. அப்பன், மகன், பேரன் என்று மூன்று தலைமுறை அசெம்பிளி லைனில் நின்ற குடும்பங்கள் அங்கே உண்டு. அவர்கள்தான் லயன்ஸ் அணிக்காகவும் டைகர்ஸ் அணிக்காகவும் தொண்டை கிழியக் கத்துகிறவர்கள். லயன்ஸ் ஆடுவது அமெரிக்கக் கால்பந்து. டைகர்ஸ் ஆடுவது பேஸ்பால். இப்படிப்பட்ட ஊரில் விளையாட்டு விளம்பரத்தில் அந்நியக் கார்க்காரன் பேர் வந்தால் வயிறு எரியத்தான் செய்யும். 2015ல் அமெரிக்கக் கால்பந்து லீகின் அதிகாரபூர்வ கார் ஸ்பான்சராக, ஜெனரல் மோட்டார்ஸ் இருந்த இடத்துக்குத் தென்கொரியாவின் ஹூண்டாய் வந்தது. 2023ல் ஜப்பானின் டொயோட்டா வந்தது. கூடைப்பந்து லீகில் சிறந்த வீரர் விருதின் நெற்றியிலேயே கியா பேர் ஒட்டியிருக்கிறது. நம்ம சோத்துல மண்ணள்ளிப் போட்டவன் காசுல நம்ம அணி ஆடுறதா என்பதுதான் அந்த மக்களின் கோபம்.

இந்தக் கோபத்தை நாம் கேலி செய்யப் போவதில்லை. வேலை போனவனின் கோபம் பொய்யாகாது. ஆனால் அது எந்தத் திசையில் திருப்பிவிடப்படுகிறது, யார் திருப்பிவிடுகிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

காசு எங்கே போகிறது, பாருங்கள். லீகுக்கு வருகிற தேசிய அளவிலான டிவி, ஸ்பான்சர் வருமானத்தை 32 அணிகளின் உரிமையாளர்களும் சமமாகப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். லயன்ஸ் அணியின் உரிமையாளர் யார்? ஹென்றி ஃபோர்டின் பேரன் வில்லியம் க்ளே ஃபோர்டு 1963ல் விலை பேசி வாங்கினார். இன்றைக்கும் அந்தக் குடும்பத்தின் கையில்தான் அணி இருக்கிறது. 2002ல் திறந்த அரங்கத்தின் பேரே ஃபோர்டு ஃபீல்டு. ஆக, ஹூண்டாய் கொடுத்த காசிலும் டொயோட்டா கொடுக்கிற காசிலும் ஃபோர்டு குடும்பத்துக்குப் பங்கு உண்டு. தொழிலாளி டொயோட்டா கார் வாங்கினால் துரோகி. டொயோட்டா காசில் பங்கு வாங்குகிறவர் ஊரின் பெருமைக்குரிய அணி உரிமையாளர். என்ன நியாயம்யா இது?

இது அரங்கத்தோடு நிற்கவில்லை. கார்த் தொழிலாளர் சங்கமான யு.ஏ.டபிள்யூ. தன் தலைமையகத்து வண்டி நிறுத்துமிடத்தில் அந்நியக் கார்களை விடமாட்டோம் என்று நின்றது. 2005ல், அங்கே வண்டி நிறுத்திவந்த ராணுவ ரிசர்வ் படைவீரர்களுக்கே அந்நியக் கார் கூடாது என்று சொல்லிவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. அதற்கும் முன்னால், 1980களின் ஆரம்பத்தில், ஜப்பான் காரைச் சம்மட்டியால் அடித்து நொறுக்குவது கார்த் தொழில் ஊர்களில் வேடிக்கையாகவே நடந்தது. காசு கொடுத்தால் ஒரு அடி அடிக்கலாம்.

சம்மட்டியைத் தொழிலாளி தூக்கிக்கொண்டிருந்தபோது முதலாளிகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? க்ரைஸ்லர் 1970களின் தொடக்கத்திலிருந்தே ஜப்பானின் மிட்சுபிஷி செய்த காரை டாட்ஜ் கோல்ட் என்று தன் பேரில் விற்றுக்கொண்டிருந்தது. ஃபோர்டு 1979ல் ஜப்பானின் மாஸ்டா கம்பெனியில் கால் பங்கு வாங்கிப் போட்டிருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1984ல் கலிஃபோர்னியாவில் டொயோட்டாவோடு சேர்ந்து கூட்டுத் தொழிற்சாலையே நடத்த ஆரம்பித்தது. பின்னாளில் ஃபோர்டு ஃப்யூஷன் கார் மெக்சிகோவில் தயாரானது. டொயோட்டா கேம்ரி கென்டக்கியில் தயாரானது. க்ரைஸ்லர் 1998ல் ஜெர்மானியரோடு இணைந்தது, 2009ல் இத்தாலியின் ஃபியட் கைக்குப் போனது, 2021 முதல் நெதர்லாந்தில் பதிவான ஸ்டெல்லான்டிஸ் கம்பெனிக்குள் இருக்கிறது. இதில் எது உள்ளூர் கார்? எது அந்நியக் கார்? வங்கியில் கார் லோன் பாரம் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன எனக்கு ஒன்று தெரியும். கடன் வாங்குகிறவரின் சம்பளத்தைத் துருவுவதற்குப் பத்துக் கட்டம் உண்டு. காரின் தாய்நாட்டைக் கேட்க ஒரு கட்டமும் கிடையாது. மூலதனம் அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. தொழிலாளிதான் தாய்நாட்டைச் சுமக்க வேண்டுமாம்.

சரி, ஸ்பான்சர் அந்நியன். அணியாவது ஊருடையதா? ஊர் என்றால் அதில் சேரி கிடையாது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டெட்ராய்ட்டிலும் ஊர் உண்டு, சேரி உண்டு. 1935ல் டைகர்ஸ் அணியின் முழு உரிமையாளரான வால்டர் பிரிக்ஸ், கார் பாடி செய்கிற பிரிக்ஸ் கம்பெனியின் முதலாளி. அவருடைய தொழிற்சாலையில் கறுப்பர்கள் வேலை செய்தார்கள். அவருடைய மைதானத்தில் ஒரு கறுப்பர்கூட டைகர்ஸ் சட்டை போட்டு இறங்க முடியவில்லை. ஜாக்கி ராபின்சன் 1947லேயே புரூக்ளின் அணியில் இறங்கி நிறத்தடையை உடைத்துவிட்டார். பிரிக்ஸ் 1952ல் சாகிறவரை டைகர்ஸ் அசையவில்லை. டொமினிக்கன் நாட்டில் பிறந்த ஆஸி விர்ஜில் 1958ல் இறங்கியபோதுதான் அந்தக் கதவு திறந்தது. அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் அணிகளில் இதைவிடத் தாமதமான அணி ஒன்றே ஒன்றுதான், பாஸ்டன். உள்ளூர் முதலாளி, உள்ளூர் கார், உள்ளூர் அணி எல்லாம் சுத்தமாகப் பொருந்தியிருந்த பொற்காலம் அதுதான். அன்றைக்கு சுவரில் ஒரு ஜப்பான்காரன் பேர் கிடையாது. உழைத்த கறுப்பருக்குக் களத்தில் இடமும் கிடையாது.

களத்தில்தான் இடமில்லை, குடியிருக்கவாவது விட்டார்களா? கறுப்பர்கள் வாழ்ந்த பிளாக் பாட்டம் பகுதியையும், அவர்களுடைய கடைத்தெருவும் இசைக்கூடங்களும் இருந்த ஹேஸ்டிங்ஸ் வீதியையும் 1950களிலும் 60களிலும் இடித்துத் தள்ளினார்கள். அந்த வீதியின் மேல் போட்ட நெடுஞ்சாலைக்கு வைத்த பேர் க்ரைஸ்லர் ஃப்ரீவே.

1967 ஜூலையில் டெட்ராய்ட் கறுப்பர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். 43 பேர் செத்தார்கள், அதில் 33 பேர் கறுப்பர்கள். அப்போது டைகர்ஸில் ஆடிக்கொண்டிருந்த கறுப்பு வீரர் வில்லி ஹார்ட்டன், சீருடையைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய், ஒரு காரின் மேல் ஏறி நின்று மக்களை வீட்டுக்குப் போகச் சொல்லிக் கெஞ்சினார். அடுத்த வருஷம், 1968 அக்டோபரில், டைகர்ஸ் கோப்பையை ஜெயித்தது. உடனே ஒரு கதை கிளம்பியது. பிளந்து கிடந்த ஊரை அணி ஒன்று சேர்த்துவிட்டது என்கிற கதை. பொதுப்புத்தியில் இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது.

அதே 1968ன் மே மாதத்தில் நடந்ததை இந்தக் கதை மறைக்கிறது. க்ரைஸ்லரின் டாட்ஜ் மெயின் ஆலையில் லைன் வேகத்தைக் கூட்டியதை எதிர்த்துக் கறுப்பரும் வெள்ளையரும் வேலையை நிறுத்தினார்கள். தண்டனை வந்தபோது கறுப்பர்கள் மேல்தான் கனமாக விழுந்தது. ஜெனரல் பேக்கர் போன்றவர்கள் வேலையிழந்தார்கள். அங்கே பிறந்ததுதான் 'ட்ரம்' என்று சுருக்கிச் சொல்லப்பட்ட டாட்ஜ் புரட்சிகரத் தொழிற்சங்க இயக்கம். அது கம்பெனியையும் கேட்டது, சங்கத்தையும் கேட்டது. யு.ஏ.டபிள்யூ. என்ற மூன்றெழுத்துக்கே 'நீ வெள்ளைக்காரன் இல்லையே' என்று புது விளக்கம் கொடுத்தார்கள் அந்தத் தோழர்கள். ஊரை ஒன்று சேர்த்தது பேஸ்பால் என்றால், லைனில் நின்றவனைப் பிரித்தது எது? கோப்பை வந்த பிறகும் அந்தக் கேள்வி தீரவில்லை.

இந்த விசுவாசம் கடைசியில் கொலையில் போய் முடிந்தது. 1982 ஜூன் 19. டெட்ராய்ட்டுக்குள்ளேயே இருக்கிற ஹைலாண்ட் பார்க். ஃபோர்டு உலகத்துக்கே ஓடும் அசெம்பிளி லைனைக் காட்டிக்கொடுத்த ஊர் அது. சில நாளில் கல்யாணம் வைத்திருந்த 27 வயது இளைஞர் வின்சென்ட் சின், நண்பர்களோடு விடுதியில் இருந்தார். அங்கே இருந்தவர்களில் ஒருவர் க்ரைஸ்லர் மேற்பார்வையாளர். இன்னொருவர் அவருடைய வளர்ப்பு மகன், கார் வேலையை இழந்தவர். உங்களாலதான் எங்களுக்கு வேலை போச்சு என்கிற பொருளில் அவர்கள் ஏசியதாகச் சாட்சி சொல்லப்பட்டது. வின்சென்ட் சின் ஜப்பானியர்கூட இல்லை, சீன அமெரிக்கர். கண்ணையும் மூக்கையும் பார்த்து டொயோட்டா என்று முடிவுகட்டிவிட்டார்கள். துரத்திப்போய் மண்டையில் அடித்தார்கள். நாலாம் நாள் இறந்தார். அடித்தது எதால்? பேஸ்பால் மட்டையால். அந்த மட்டையில் பொறித்திருந்த பேர் ஜாக்கி ராபின்சன். மூன்று வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பு, ஆளுக்கு 3,000 டாலர் அபராதம் என்று 1983ல் தீர்ப்பு வந்தது. கொன்றவர்கள் ஒரு நாள்கூடச் சிறைத்தண்டனை அனுபவிக்கவில்லை.

நம்மைச் சேர்ந்தவன், அந்நியன் என்று கோடு போடுகிற எவனும் அந்தக் கோடு கம்பெனிகளுக்கு நடுவில்தான் ஓடும் என்று சாதிக்க வேண்டாம். அது மனுச உடம்பின் மேல்தான் ஓடும். கீழே கிடக்கிற உடம்பின் மேல் முதலில் ஓடும்.

2009ல் இன்னொரு நாடகம் நடந்தது. திவாலுக்குப் போய்க்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸ், டைகர்ஸ் அரங்கத்தில் இருந்த நீரூற்று விளம்பரத்தைக் கைவிட்டது. அணி உரிமையாளர் மைக் இலிட்ச், காசு வாங்காமல் அங்கே மூன்று கம்பெனிகளின் சின்னத்தையும் வைத்து, டைகர்ஸ் நம் கார்த் தயாரிப்பாளர்களை ஆதரிக்கிறது என்று எழுதிவைத்தார். ஊரே கண்கலங்கியது. அந்தத் 'தயாரிப்பாளர்' என்ற சொல்லில் கார் தயாரித்த கைகள் இருந்தனவா? 2007 ஒப்பந்தத்திலேயே புதிதாக வருகிறவனுக்கு மணிக்கு 14 டாலர், பழையவன் கூலியில் பாதி என்று ஆக்கியிருந்தார்கள். 2009 மீட்பு ஒப்பந்தத்தில் ஜெனரல் மோட்டார்ஸிலும் க்ரைஸ்லரிலும் 2015 வரை வேலைநிறுத்த உரிமையையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதற்கெல்லாம் நீரூற்று வைக்க ஆளில்லை. மூன்றே வருஷத்தில், 2012ல், அரசுப் பணத்தில் உயிர் பிழைத்த அதே ஜெனரல் மோட்டார்ஸ், தன் ஷெவர்லே பேரை இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் சட்டையில் போட ஏழு வருஷத்துக்குச் சுமார் 56 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. 2013 ஜூலையில் டெட்ராய்ட் நகராட்சியே திவால் மனு போட்டது. நகராட்சியில் உழைத்து ஓய்வு பெற்ற சாதாரண ஊழியர்களின் பென்ஷனில் 4.5 சதவீதம் வெட்டினார்கள். மான்செஸ்டர்காரனுக்கு டெட்ராய்ட்தான் அந்நியக் கார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நமக்கும் அப்படித்தான். செங்கல்பட்டு மாவட்டத்தில் ஃபோர்டு என்றால் அந்நியக் கம்பெனி. ஃபோர்டு கம்பெனியில் 40 சதவீத வாக்குரிமை இன்றும் அந்தக் குடும்பத்திடம்தான். 2021ல் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தார்கள். 2022 ஜூலையோடு மறைமலை நகர் ஆலை நின்றது. நியாயமான இழப்பீடு கேட்டுத் தொழிலாளர்கள் போராட வேண்டியிருந்தது. 2024ல் திரும்பி வருகிறோம் என்று அரசுக்குக் கடிதம் கொடுத்தபோது, நம்ம ஊருக்கு ஃபோர்டு வந்துருச்சு என்று இங்கேயும் கைதட்டினார்கள். வெளியே அனுப்பப்பட்டவன் எங்கே போனான் என்று கைதட்டியவர்கள் கேட்கவில்லை.

அந்நியன் சின்னத்தை எரிப்பதா, உள்ளூர் முதலாளியைக் கும்பிடுவதா என்று இரண்டே வழி காட்டுகிறார்கள். மூன்றாவது வழியை 2023ல் டெட்ராய்ட் தொழிலாளிகளே காட்டினார்கள். லீகுக்கு டொயோட்டா ஸ்பான்சராக வந்த அதே வருஷம், செப்டம்பர் 15ல், யு.ஏ.டபிள்யூ. தன் வரலாற்றில் முதல்முறையாக மூன்று கம்பெனிகளிலும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஆறு வாரம் நின்று, 2028 வரையிலான ஒப்பந்தத்தில் 25 சதவீத அடிப்படைக் கூலி உயர்வு வாங்கியது. அந்தச் சூடு ஆறுவதற்குள் சங்கமே இல்லாத டொயோட்டாவும் ஹோண்டாவும் ஹூண்டாயும் தங்கள் அமெரிக்க ஆலைகளில் பயந்துபோய்க் கூலியை உயர்த்தின. 2024 ஏப்ரலில் டென்னசியில் ஜெர்மன் கம்பெனியான ஃபோக்ஸ்வாகனின் தொழிலாளர்கள் அதே சங்கத்தில் சேர வாக்களித்தார்கள். சம்மட்டியால் எத்தனை டொயோட்டாவை நொறுக்கியிருந்தாலும் டொயோட்டா தொழிலாளியின் கூலி ஒரு சென்ட் ஏறியிருக்காது.

அணிக்குக் கைதட்ட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. விளையாட்டு மக்களுடையது. ஆனால் அடுத்த முறை சுவரில் எவன் பேர் என்று சண்டைக்கு எழும்புமுன் மூன்று கேள்வி கேளுங்கள். அந்தப் பேருக்கு வந்த காசை எவன் பங்கு போடுகிறான்? களத்தில் இறங்க யாரை எத்தனை வருஷம் தடுத்தார்கள்? அந்தக் காரைச் செய்தவனுக்கு, அவன் டெட்ராய்ட்டில் இருந்தாலும் கென்டக்கியில் இருந்தாலும் மறைமலை நகரில் இருந்தாலும், என்ன கூலி? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாமல் நம்மிடம் வந்து விசுவாசம் கேட்கிறவன் எவனோ, அவன்தான் அந்நியன்.